முப்பத்தெட்டு எங்கே இருக்கிறது

மணி இரண்டு இருபது. தலைப்பை மட்டும் எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பார்க்கிறேன், கொஞ்ச நேரம் போனால் அது என்னைப் பார்ப்பதுபோலத் தோன்றுகிறது. செட்டிங்ஸை எங்கே வைப்பது. இவ்வளவுதான் தலைப்பு. மார்ட்டின் சார் நேற்றுக் கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார், "கோகிலா, பதினோரு புராஜெக்ட் பண்ணியிருக்கோம், பதினோரு விதமா வச்சிருக்கோம், இனிமே இதுதான் இடம்னு ஒண்ணு முடிவு பண்ணி ஒரே பக்கத்துல எழுதிக் குடும்மா." ஒரு பக்கம். அரைமணி நேர வேலை. காலையிலிருந்து எழுதுகிறேன். ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வெளியிலிருந்து அதற்குச் சொல்லிவைக்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் செட்டிங்ஸ், எத்தனை நிமிடம், எந்த நம்பருக்கு போன், எந்த மொழி. இதை எங்கே வைத்தால் என்ன. ஆனால் வைக்கிற இடத்தைப் பொறுத்து அதை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் மறந்துபோகலாம் எல்லாம் மாறிவிடுகிறது. மறப்பது. காலையில் கேஸை அணைத்தேனா? பால் காய்ச்சினேன், இறக்கினேன், டம்ளரில் ஊற்றினேன், திருகைத் திருப்பிய விரல்கள் ஞாபகத்தில் இல்லை. அணைத்திருப்பேன். எப்போதும் அணைத்துத்தான் இருந்திருக்கிறது, பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்த ஒவ்வொரு முறையும். ஆபீஸில் யாரும் இல்லை. திவ்யாவின் பிறந்தநாள் என்று எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பீளமேட்டின் மே மாத வெயில் ஜன்னல் திரையின் வழியே மஞ்சளாக உள்ளே வந்து காலி நாற்காலிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏசி ஒருமுறை இழுத்து மூச்சுவிட்டு நின்றது. எனக்கு எதிர் மேஜை ஜெயசீலனுடையது. நாலு மாதமாகக் காலி. அந்த நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை, கூட்டுகிற அம்மாகூட அதைச் சுற்றித்தான் கூட்டுகிறார்.

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம், காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம், எழவில்லை. நாற்பத்தொரு வயது. மார்ட்டின் சார்தான் குரூப்பில் போட்டார், நான் செய்தியைப் படித்துவிட்டு மேலே தள்ளி, முந்தின நாள் இரவு ஜெயசீலன் அனுப்பியிருந்த கட்டைவிரல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார், அவர் பெயர் போகவில்லை. ஊஞ்சப்பாறை ஆற்றுக் கதவணைக்காக நாங்கள் ஓட்டுகிற மெஷினில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை ஓட்டுகிறவர் பெயர் வரும். நாலு மாதமாக அங்கே ஜெயசீலன், ஜெயசீலன், ஜெயசீலன். ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு ஜெயசீலன் எழுந்து பட்டியலைப் படித்திருக்கிறார், இன்று எத்தனை மணிக்கு எந்தக் கதவு என்று பார்த்திருக்கிறார், பார்த்து முடித்துக் காத்திருந்திருக்கிறார். அவர் பெயரில் இருந்த யூசர் கணக்கிலிருந்துதான் அந்த புரோகிராமை ஓடவிட்டிருந்தார், அவ்வளவுதான் விஷயம், இதில் ஒன்றும் இல்லை, எல்லா ஆபீஸிலும் இப்படி நடக்கும். ஆனாலும் அந்தப் பட்டியலை எடுக்கும்போதெல்லாம் நான் கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். தணிக்கைக்கு வந்தவர்கள் போன வாரம் எழுதிவிட்டார்கள், இறந்தவர் பெயரில் கணக்கு இருக்கக் கூடாது. சரிதானே. இன்று காலை பத்தே முக்காலுக்கு நான்தான் செய்தேன். சைரன் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டாக்கி, புரோகிராமை அவர் பெயரிலிருந்து அதற்கு மாற்றி, அவர் கணக்கைப் பூட்டினேன். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்றேன். பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தபோது எல்லா வரியிலும் சைரன், சைரன். அவர் எங்கும் இல்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், கை ஈரமாக இருந்தது, துடைத்தும் ஈரமாகவே இருந்ததுபோல இருந்தது.

எழுது. வைக்கிற இடங்கள் நாலு. புரோகிராமின் உள்ளேயே எண்ணாக எழுதிவிடலாம், அப்படிச் செய்தால் மாற்றுவதற்கு எங்களைத்தான் தேட வேண்டும். கூடவே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம், யார் எப்போது மாற்றினார்கள் என்று தேதியோடு சரித்திரம் இருக்கும். அது ஓடுகிற மெஷினிடம் சொல்லி வைக்கலாம், மெஷினை மாற்றினால் போய்விடும். டேட்டாபேஸில் வைத்து ஒரு திரை கொடுத்தால் அங்கே இருப்பவர்களே மாற்றிக்கொள்ளலாம், யாரும் எதையும் மாற்றலாம் என்பதுதான் அதில் பயம். நல்ல வரிகள். உதாரணம் வேண்டும். ஊஞ்சப்பாறை கதவணையையே எடுத்துக்கொள்ளலாம், கையோடு திறந்திருக்கிறது. ஆற்றின் குறுக்கே பதினாறு கதவு, ஒரு சின்ன மின்நிலையம். பகலெல்லாம் தண்ணீரைத் தேக்கி, சாயங்காலம் திறப்பார்கள். அதற்குக் கீழே மைல் கணக்கில் மணல். மணலில் ஆட்கள் இருப்பார்கள், திட்டுகளில் கோரை அறுப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள், சும்மாவும் படுத்திருப்பார்கள். கதவு திறக்கும் முன் அவர்கள் கரையேற வேண்டும், அதற்கு ஆறு கம்பங்களில் சைரன். திறப்பதற்கு எத்தனை நிமிடம் முன்னால் ஊதுவது என்பது ஒரு செட்டிங். கோப்பைத் திறந்தேன், பதினைந்து. ஒப்பந்தத்திலும் பதினைந்துதான். ஒரு நாள் லாகிலிருந்து நாலு வரி வெட்டி உதாரணமாகப் போடலாம் என்று நேற்றைய லாகை எடுத்தேன். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கிற குறிப்பு அது. மூன்று இருபத்திரண்டு, சைரன். நான்கு மணி, கதவு. கழித்துப் பார்த்தேன். மறுபடி கழித்தேன். விரல்விட்டுக்கூட எண்ணினேன். முப்பத்தெட்டு நிமிடம். முந்தாநாள், முப்பத்தெட்டு. அதற்கு முந்தின நாளும். கோப்பு பதினைந்து என்கிறது, ஆற்றங்கரையில் முப்பத்தெட்டு ஊதுகிறது.

சரி, வேறு எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்தால் போயிற்று, இதற்குத்தானே இந்த ஒரு பக்கமே. புரோகிராமின் உள்ளே முப்பத்தெட்டைத் தேடச் சொன்னேன். இல்லை. மெஷினிடம் கேட்டேன், உன்னிடம் யாராவது ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்களா. இல்லை. டேட்டாபேஸில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. பழைய பிரதிகளில் தேடினேன், இரண்டு வருடத்தில் யாரும் எங்கும் முப்பத்தெட்டு என்று எழுதவில்லை. எழுதாத ஒன்றை அது கேட்டு நடந்திருக்கிறது. பின்னங்கழுத்தில் ஏசிக் காற்று பட்டது, ஏசி நின்றிருந்ததே, எப்போது ஓடத் தொடங்கியது? சரி. எப்போதிருந்து முப்பத்தெட்டு என்று பார்க்கலாம். லாகைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். மார்கழிக்கு முன்னால் முப்பத்தெட்டு இல்லை, முப்பத்தாறு. அதற்கும் முன்னால், போன வருடம் ஆடியிலிருந்து முப்பத்துமூன்று. அதற்கு முன்னால் முப்பத்தொன்று. யாரும் தொடாத எண் வளர்ந்திருக்கிறது. குழந்தையைச் சுவரோரம் நிறுத்திக் கோடு போடுவார்களே, அதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, யார் கண்ணிலும் படாமல். கடைசிக் கோடு மார்கழி இருபத்தைந்து. தைக்குப் பிறகு அது வளரவில்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், அது போட்ட சத்தம் ஹால் முழுக்கப் போய் எதிர் மேஜையில் முட்டித் திரும்பியது. தைக்குப் பிறகு வளராதது எது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதைத் தெரியாத மாதிரி இன்னும் இரண்டு நிமிடம் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய எழுத்தில் தேடினேன், சின்ன எழுத்தில் தேடினேன், முப்பத்தெட்டை நிமிடமாக எழுதாமல் நொடிகளாக எழுதியிருப்பாரோ என்று இரண்டாயிரத்து இருநூற்று எண்பதைத் தேடினேன். இல்லை, இல்லை, இல்லை.

இது முதலில் மாறியது எப்போது? அதற்கும் முன்னால் பதினைந்து இருந்திருக்க வேண்டுமே. இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை வரை பதினைந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து முப்பத்தொன்று. அந்த வியாழக்கிழமை. கோப்பின் சரித்திரத்தைத் திறந்தேன். ஜெயசீலன் பதினைந்தை முப்பத்தொன்றாக மாற்றி அனுமதிக்கு அனுப்பியிருக்கிறார். அனுமதிக்க வேண்டிய இடத்தில் என் பெயர். நான் எழுதியது அப்படியே இருக்கிறது: காரணம் தரப்படவில்லை, ஒப்பந்தத்தில் பதினைந்து, திருப்பி அனுப்புகிறேன். இதை நான் மறந்தேபோயிருந்தேன். எழுதியபோது நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்திருப்பேன். அவர் வந்து என் மேஜையருகே நின்றார், அது ஞாபகம் வருகிறது, கையில் டீ, டீ கப்பின் விளிம்பில் ஒரு எறும்பு, நான் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? "லெட்டர் வாங்கிட்டு வாங்க ஜெயசீலன், சும்மா நம்பரை மாத்த முடியாது" என்று நான் சொன்னது வார்த்தை மாறாமல் கேட்கிறது. அதற்கு முன்னால் அவர் சொன்னது கேட்கவில்லை. வாய் அசைகிறது, எறும்பு விளிம்பைச் சுற்றுகிறது. "சரிங்க கோகிலா" என்று சொல்லிவிட்டுப் போனார், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து முப்பத்தொன்று. புது வெர்ஷன் போடும்போதெல்லாம் கோப்பு பழையபடி பதினைந்தாகிவிடும், அதனால் எந்த வெர்ஷனும் போய் எட்டாத ஒரு இடத்தில் வைத்திருக்கிறார். நாலு இடம் என்று எழுதினேனே, ஐந்தாவது ஒன்று உண்டு, நான் எழுதாமல் விட்டது. அவரவர் சொந்த வீடு. மெஷினில் ஒவ்வொரு யூசருக்கும் ஒரு அறை உண்டு, புரோகிராம் யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய அறையில் போய், ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாரா என்று கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்க்கும். அங்கே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதைத்தான் கேட்கும். காலையில் நான் பூட்டிய அறை. எனக்கு அனுமதி உண்டு, திறந்தேன். காலி. ஒன்றுமே இல்லை என்றது திரை. பெயரை ஒரு புள்ளியில் தொடங்கினால் அந்தக் கோப்பு சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருப்பதையும் காட்டு என்றேன். புள்ளி, கதவணை. ஒரே ஒரு கோப்பு, வெறும் அறையின் நடுவில்.

கடைசி வரியில் முப்பத்தெட்டு. அதற்கு மேலே, புரோகிராம் படிக்காத வரிகளாக, அவர் தமிழில் எழுதி வைத்திருந்தார். சரசாள் அக்கா, கோரைத் திட்டு முனையிலிருந்து வடகரைப் படி வரை, கூடவே நடந்தேன், இருபத்தொன்பது நிமிடம், இரண்டு சேர்த்துக்கொள்ள. ஆடியில் மறுபடி நடந்தேன், முப்பத்தொன்று. கால் முன்னைவிட இழுக்கிறது, முப்பத்துநாலு. மார்கழி இருபத்தைந்து, நடுவில் ஒருதரம் உட்கார்ந்தார்கள், முப்பத்தாறு. மாசியில் மறுபடி நடக்க வேண்டும். அப்போதுதான் எறும்புக்கு மேலே இருந்த வாய்க்குச் சத்தம் வந்தது, "அங்க ஒருத்தங்க கால் இழுத்து நடக்கறாங்க கோகிலா." அதைத்தான் சொன்னார். நான் அதற்குத்தான் லெட்டர் வாங்கிட்டு வாங்க என்றேன். அந்தக் குரல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது, எனக்குள் எந்த அறையில். அப்புறம் நேரம் கண்ணில் பட்டது. மூன்று பதினாறு. இன்றைக்கும் நான்கு மணிக்குக் கதவு. புரோகிராம் இப்போது சைரன் என்கிற பெயரில் ஓடுகிறது, சைரனுக்கு வீட்டில் ஒன்றும் இல்லை, அதனால் கோப்பைத்தான் கேட்கும், பதினைந்து, மூன்று நாற்பத்தைந்துக்குத்தான் ஊதும். முப்பத்தாறு நிமிடம் நடக்கிறவருக்குப் பதினைந்து. போன். கதவணையில் ஆபரேட்டர் நாச்சிமுத்து அண்ணன், அவர் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி. எடுக்கவில்லை. மூன்று பதினெட்டு. ஒரு வழி இருந்தது, சுலபமானது, ஜெயசீலனின் பூட்டைத் திறந்து அவர் பெயரிலேயே மறுபடி ஓடவிட்டால் போதும், ஒரே வரி, அவர் எழுந்து வந்து அவர் வேலையைப் பார்த்துக்கொள்வார். விரல் அந்த வரியின் பாதிவரை போனது. ஜெய வரைக்கும் அடித்தேன். பிறகு அழித்தேன். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை, அவர் பெயர் பாதியில் நின்று துடித்ததைப் பார்க்க முடியவில்லை. கோப்பைத் திறந்து பதினைந்தை முப்பத்தெட்டாக்கி, அதன் தலைக்கு மேலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், சரசாள் என்பவர் கரையேற ஆகும் நேரம், குறைக்காதே என்று எழுதினேன். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் தானாக விழுந்தது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அது எழுந்து பட்டியலைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் ஆற்றை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று இருபது. காலையில் கேஸை அணைத்தேனா. மூன்று இருபத்தொன்று. திரையில் ஒன்றும் இல்லை. மூன்று இருபத்திரண்டுக்கு ஒரு வரி வந்தது, சைரன், முப்பத்தெட்டு. நான் அதை நம்பவில்லை. வரி வந்தால் சத்தம் வந்துவிட்டதாக ஆகுமா.

போன் அதிர்ந்தது, நாச்சிமுத்து அண்ணன். எடுத்ததும் முதலில் வந்தது அவர் குரல் இல்லை, அந்தச் சத்தம்தான், தாழ்ந்து எழும்பி தாழ்ந்து, ஆறு கம்பமும் ஒன்றன்பின் ஒன்றாக, தூரத்துக் கம்பம் ஒரு நொடி தாமதித்து. இந்த புரோகிராமை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. "ஏனுங்க அம்மிணி, மூணு தடவ அடிச்சிருக்கறீங்க, மோட்டார் ரூம்ல இருந்தனுங்க, கேக்கலீங்க" என்றார். "அண்ணா, மணல்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்றேன். "கோரை அறுக்கறவங்க பதினேழு பேருங்க. ஊதிருச்சில்லீங்க, கெளம்பிட்டாங்க." "சரசாள்னு ஒருத்தங்க?" "அவங்களை உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" தெரியும் என்றேன். லைனை வைக்க வேண்டாம், படியருகே நின்று ஒவ்வொருத்தராக ஏறுவதைச் சொல்லுங்கள் என்றேன். என்ன நினைத்தாரோ, சரிங்க என்றார். காற்று போனில் மோதியது. அதற்கப்புறம் நான் ஆபீஸில் இல்லை. மஞ்சள் வெயில் அதேதான், நாற்காலிகள் அதேதான், ஆனால் காலுக்குக் கீழே மணல் சுட்டது. ஆறு பேர் ஏறினார்கள். பத்து. மூன்று நாற்பதுக்குப் பதினாறு. வாசலில் பேச்சுச் சத்தம், சிரிப்பு, பிரியாணிக்காரர்கள் திரும்பி வந்தார்கள், திவ்யா ஒரு டப்பாவை என் மேஜையில் வைத்து ஏதோ சொன்னாள், தலையாட்டினேன். "அவங்க எப்பவும் கடைசிதாங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன். மூன்று ஐம்பதுக்கு, பாதி வந்துட்டாங்க என்றார். பாதிதானா. "வைகாசி மணலுங்க, கால் பொதையுது. போன மாசமே கதவு தூக்கறதுக்கு ஒரு நிமிசம் முந்தித்தான் படியில கால் வச்சாங்க. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் எறங்கியிருக்காங்க." "நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணா?" "யார்கிட்டங்க சொல்றது, அந்த சார்தான் வர்றதில்லையே." முப்பத்தெட்டு போதாது. மாசியில் மறுபடி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தாரே, மாசி வந்தது, போனது, சரசாள் அக்காவின் கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது, எண் மட்டும் அவர் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. நான் அதைத்தான் காப்பாற்றி எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். மூன்று ஐம்பத்தைந்து. "ரெண்டு பொம்பளைங்க கைகொடுக்க எறங்கிப் போறாங்க அம்மிணி" என்றார். இப்போது மணலில் மூன்று பேர். "கதவை நிறுத்த முடியுமா அண்ணா?" "அது தானா தூக்கிருங்க. சிவப்பு பட்டன் ஒண்ணு இருக்குது, அமுக்கினா நின்னுரும், ஆனா மேல இருந்து ஆயிரம் கேள்வி கேப்பாங்க, நான் டெம்பரவரி ஆளுங்க." "அமுக்குங்க" என்றேன். "அம்மிணி..." "கோகிலவாணி சொன்னாங்கன்னு சொல்லுங்க. முழுப்பேரையும் சொல்லுங்க. கோயமுத்தூர் ஆபீஸ், கோகிலவாணி." ஓடுகிற சத்தம், கதவு ஒன்று அடித்துக்கொண்டது, மூன்று ஐம்பத்தெட்டு, செருப்பு சிமெண்டில் தேய்ந்தது, அப்புறம் ஒரு சின்னச் சத்தம், சுவிட்ச் போடுகிற மாதிரி. என் திரையில் வரி சிவப்பாக மாறியது. கதவு, நிறுத்தப்பட்டது.

நான்கு மணி ஒன்றும் ஆகாமல் கடந்துபோனது. நான்கு இரண்டுக்கு மார்ட்டின் சாரிடமிருந்து போன் வந்தது, இன்னொரு லைனில், எடுக்கவில்லை. நின்றது, மறுபடி வந்தது, எடுக்கவில்லை. தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்து என் மேஜையருகே நின்றார், நான் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் இருங்க என்பதுபோல, ஆறு வருடத்தில் அவரிடம் அப்படிக் கை காட்டியதில்லை. என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, அங்கேயே நின்றார். போனில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் எப்படி வரும் என்று நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன், முதலில் விரல் தடிமனுக்குத்தான் வருமாம், நனைந்த துணி இழுபடுவதுபோல மணலின் மேல் சத்தமில்லாமல், அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்களாம், திரும்பிப் பார்ப்பதற்குள் இடுப்பளவு. இரும்புக்குப் பின்னால் அந்த மொத்தத் தண்ணீரும் இப்போது நின்றுகொண்டிருக்கிறது, ஒரு டெம்பரவரி ஆளின் கட்டைவிரல் நிறுத்தியது. நான்கு ஒன்பதுக்கு நாச்சிமுத்து அண்ணன் "ஏறிட்டாங்க" என்றார். "மூணு பேரும் ஏறிட்டாங்க அம்மிணி. கீழ யாரும் இல்லீங்க." கதவை விடலாமா என்று கேட்டார். விடுங்க என்றேன். மார்ட்டின் சார் கைக்கு எட்டிய ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது ஜெயசீலனின் நாற்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, எழவும் இல்லை, சரியாக உட்காரவும் இல்லை. நாச்சிமுத்து அண்ணன் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "அக்கா பேசணுங்கறாங்க" என்றார். போன் கைமாறியது. முதலில் மூச்சுதான் வந்தது, ஏறி வந்த மூச்சு, நீளமாக, அது அடங்கும்வரை நான் காத்திருந்தேன். "சாருங்களா?" என்றது குரல். நான் நினைத்திருந்ததைவிட இளைய குரல். "இல்லீங்க, நான் கோகிலா, அவர்கூட வேலை பாத்தவ." "ஒவ்வொரு தடவையும் வந்து கூட நடப்பாருங்க அவரு. வாட்ச்சைப் பாத்துக்கிட்டே வருவாரு. மாசிக்கு வர்றேன்னாரு, வரலீங்களே. நீங்க பயப்படாம நடங்க அக்கா, நீங்க ஏறுற நேரம் பாத்து நான் ஊதறேன்னு சொல்லீட்டுப் போனாரு. அதே மாதிரி ஊதிட்டுத்தான் இருக்காரு, நேர்லதான் காணம்." மார்ட்டின் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வைத்துவிடலாம். ஊருக்குப் போயிருக்கிறார், வேறு வேலைக்கு மாறிவிட்டார் என்று எத்தனையோ இருக்கிறது. நான் சொன்னேன், தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் தவறிட்டாருங்க என்று, வீட்டில்தான், காலையில், நெஞ்சு வலி என்று. அவருக்குப் பின்னால் எங்கோ கதவு எழும்புகிற சத்தம், அதற்கடியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிற இரைச்சல். சனிக்கிழமை நான் வர்றேங்க, நான் உங்ககூட நடக்கறேன் என்றேன். அதை அவர் கேட்டாரா தெரியவில்லை. "பொங்கலுக்கு முந்தியேவா?" என்றார். "ஆமாங்க." "அப்ப இத்தன நாளா எனக்கு ஊதுனது யாருங்க?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், வழி கேட்பதுபோல. எதிரே பாதி உட்கார்ந்திருந்த மார்ட்டின் சார் மெதுவாக அந்த நாற்காலியைவிட்டு எழுந்தார். "அவர்தானுங்க" என்றேன். "இன்னைக்குக் காலைல வரைக்கும் அவர்தானுங்க."